இரண்டு மில்லிமீட்டர்

பதினெட்டு வருடம் வட கடலில்
இரும்போடு இரும்பு சேர்ந்த இடங்களைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.
பார்த்து அல்ல, கேட்டுத்தான்.
பசை தடவி, கருவியை அழுத்தினால்
ஒலி உள்ளே போய்த் திரும்பும்.
விரிசல் இருந்தால் திரையில் ஒரு முள் எழும்.
எழுந்த இடத்தில்
சிவப்பு மெழுகுக் குச்சியால் ஒரு பெருக்கல் குறி.
வெல்டர்களுக்கு என்னைப் பிடிக்காது.
பிடிக்க வேண்டியதும் இல்லை.

இப்போது ஸ்டவாங்கரில்
துறைமுகத்துக்குப் பின்னால் மேடேறும் சந்தில்
பதினோரு அடி அகலத்தில் ஒரு துணிக்கடை.
என்னுடையது.
முன்பு இங்கே சாவி வெட்டிக் கொடுத்தார்கள்.
தரைப்பலகை இடுக்குகளில்
பித்தளைத் தூள் இன்னும் மின்னுகிறது,
எத்தனை முறை கூட்டினாலும்.

கடைக்குப் பெயர் தேடி ஆறு வாரம் போனது.
கடைசியில் என் பெயரையே எழுதச் சொன்னேன்: டூருன்.
அவ்வளவுதானா என்றான் பலகை எழுதுபவன்.
எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறாயே,
அவ்வளவுதான்.

சேமிப்பு,
கம்பெனி கைகுலுக்கிக் கொடுத்தனுப்பிய தொகை,
அக்கா மனசில்லாமல் தந்த கடன்,
எல்லாம் இப்போது ஹேங்கரில் தொங்குகின்றன.
நாற்பத்தியொரு கோட்டுகள்.
லிதுவேனியாவில் இரண்டு சகோதரிகள் தைத்த பாவாடைகள்.
நனைந்தால் ஆட்டு வாடை வீசும் கம்பளிச் சட்டைகள்
(வாங்குபவர்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்).
ஆரஞ்சு நிறத்தில் மட்டும் ஒன்றும் கிடையாது.
ஹெலிகாப்டரில் ஏற்றும்போதெல்லாம்
எங்கள் அத்தனை பேரையும் கேரட் ஆக்கிய
அந்த உயிர்காப்பு உடையோடு
என் ஆரஞ்சுக் கணக்கு தீர்ந்தது.

முதல் நாள்.
பத்து மணிக்குத் திறந்தேன்.
பத்தரைக்கு மழை.
பதினொன்றுக்கு ஒருவர் குடையை மடக்கி உள்ளே வந்து
இரட்டைச் சாவிக்கு எவ்வளவு என்றார்.

ஒன்றரைக்கு ஒருத்தி.
பேருந்து ஓட்டுநர் சீருடை,
ஷிஃப்ட் முடிந்து தளர்ந்த தோள்கள்.
கரும்பச்சைக் கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் திரும்பினாள்.
தோள் நிமிர்ந்தது.
விலைச்சீட்டைப் பார்த்தும் முகம் மாறவில்லை.
வாங்கப்போகிறாள்.
என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"இடது அக்குளில்
இரண்டு மில்லிமீட்டர் தையல் தாவியிருக்கிறது."

"பிரியுமா?"

"மூன்று குளிர்காலம் தாங்கும்.
நான்காவதற்கு நான் பொறுப்பில்லை."

"தெரிந்துகொண்டேவா விற்கிறீர்கள்?"

"நீங்கள் கையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது."

கழற்றினாள்.
காலர் கசங்காமல் ஹேங்கரில் மாட்டிவிட்டுப் போனாள்.
கதவு மணிக்கு
வருவதும் போவதும் ஒரே சத்தம்.

அக்கா போனில் கேட்டாள்: எத்தனை?
ஏறக்குறைய ஒன்று என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. கடன் கொடுத்தவள்.

நாலு மணிக்கே இருட்டிவிடும் நவம்பர்.
வேறு வேலை இல்லாததால்
ஊசியில் பச்சை நூலைக் கோத்து
அந்த இரண்டு மில்லிமீட்டரை அடைத்தேன்.
நான்கே நான்கு தையல்.
கடலில் குறி போடுவதோடு என் வேலை முடியும்,
அடைப்பது வேறு ஆள்.
பதினெட்டு வருடத்தில் ஒரு விரிசலைக்கூட
என் கையால் மூடியதில்லை என்பது
ஊசி பெருவிரலில் ஏறியபோதுதான் உறைத்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, மணி.
அவள்தான்.
கையில் பெரிய பிளாஸ்டிக் பை,
பைக்குள் மூன்று பழைய கோட்டுகள்.
"என் பெயர் ஓஷில்ட்.
இவற்றையும் பார்த்துச் சொல்லுங்கள்.
எவ்வளவு ஆகும்?"

இதற்கு நான் விலைச்சீட்டு எழுதவே இல்லை.

விளக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.
முதல் கோட்டு. வலது தோள்.
பழக்கதோஷம், காதைத்தான் முதலில் கொண்டுபோனேன்.
அவள் விசித்திரமாகப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
பச்சைக் கோட்டைப் பற்றியும்
அவள் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
அது எங்களுக்குப் பின்னால்
கதவிடுக்கில் வந்த காற்றில்
லேசாக ஆடிக்கொண்டிருந்தது.